பாசிக்குச் சோறு போடுகிறவர் யார்?

சென்ற சித்திரை மாதத்தில் பாகூரிலுள்ள நண்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். “பட்டணத்து வெயிலில் ஏன் வேகிறீர்கள்? நமது கழனிக்கு வாருங்கள். பம்புசெட் தொட்டியில் ஒரு முழுக்குப் போட்டால் ஆயுளில் பத்து வருஷம் கூடும்” என்று அதில் கண்டிருந்தது. ஆயுள் கூடுகிறதென்றால் வேண்டாமென்று சொல்ல நாம் என்ன முற்றும் துறந்த முனிவரா? மறு நாளே மூட்டை கட்டினோம்.

பாகூர் புதுச்சேரிப் பிரதேசத்தின் நெற்களஞ்சியம். தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரியை நிரப்புகிறது. ஏரி வயலை நிரப்புகிறது. வயல் குதிரை நிரப்புகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்திலேயே, இவ்வூரிலிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்டன என்று பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. கல்வியும் நெல்லும் சேர்ந்து விளைந்த ஊர். அப்படிப்பட்ட ஊரில் நாம் ஒரு பாடம் கற்றுத் திரும்பியதில் ஆச்சரியம் இல்லை. பாடம் சொன்னவர் யார் என்பதில்தான் ஆச்சரியம்.

பட்டணவாசிகளுக்குப் பம்புசெட் தொட்டி இன்னதென்று விளக்க வேண்டியிருக்கலாம். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் நேரே வாய்க்காலில் விழுந்தால் மண் அரித்துப் போகும். ஆகையால் குழாயின் கீழே சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டிவிடுவார்கள். தண்ணீர் அதில் விழுந்து, வேகம் அடங்கி, ஒரு பக்கமாக வாய்க்காலுக்கு வழியும். அதுதான் கிராமத்துக் குழந்தைகளின் நீச்சல் குளம். நமது நண்பரின் தொட்டி பத்தடி நீளம், எட்டடி அகலம், நாலடி ஆழம். இறங்குவதற்கு உட்புறம் மூன்று படிகள்.

நாம் போன அன்று மின்சாரம் இல்லை. முதல் நாள் நின்ற தண்ணீர் அப்படியே நின்றது. அதன் நிறம் நல்ல மரகதப் பச்சை. சுவர்களில் வெல்வெட்டுத் துணி போர்த்தியதுபோல் பாசி படர்ந்திருந்தது. “ஆகா, என்ன குளிர்ச்சி!” என்று நாம் வர்ணிக்கத் தொடங்கும்போதே, நண்பருடைய பேரன், எட்டு வயதுப் பையன், துண்டை எறிந்துவிட்டு இறங்கினான். இரண்டாவது படியில் கால் வைத்தான். அடுத்த கணம் படியிலும் இல்லை, கரையிலும் இல்லை. பின்தலை படிக்கல்லில் மோதிய சத்தம் மட்டும் கேட்டது. பச்சைத் தண்ணீர் அவனை மூடிக்கொண்டது. பிள்ளை எங்கே கிடக்கிறான் என்று மேலிருந்து பார்த்தால் தெரியவில்லை.

வரப்பில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி ஓடி வந்து, சேலையோடு தொட்டியில் குதித்து, கையால் துழாவிப் பையனைத் தூக்கினாள். நாமும் நண்பரும் படித்தவர்களாதலால், என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டு நின்றோம். பையன் இருமினான், அழுதான், எல்லோருக்கும் மூச்சு வந்தது. தலையில் இரண்டு தையலோடு போயிற்று. நாலடித் தண்ணீர்தானே என்று அலட்சியமாய் இருந்த எங்களுக்கு, மயங்கி விழுந்த குழந்தைக்கு முழந்தாள் தண்ணீரும் கடல்தான் என்பது அன்று விளங்கிற்று. வழுக்கி விழச் செய்ததும் பாசி. விழுந்தவனை மறைத்ததும் பாசி.

அன்று சாயங்காலம் நண்பருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. “இந்தப் பாசியைப் பூண்டோடு ஒழிக்க என்ன வழி? உடனே சொல்லும்” என்றார். பத்திரிகைக்காரனிடம் வழி கேட்டால் தயங்குவானா? “மயில்துத்தம் வாங்கிக் கரைத்து ஊற்றும். 1904-ஆம் வருஷத்திலேயே அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் என்ற இரு சாஸ்திரிகள் குடிநீர்த் தேக்கங்களில் பாசியைக் கொல்ல அதைச் சிபாரிசு செய்திருக்கிறார்கள்” என்று நாம் கம்பீரமாகத் தெரிவித்தோம்.

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த நண்பரின் தாயார் உலக்கையை நிறுத்தினார். “தம்பி, நீங்கள் படித்தவர்கள். எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். இந்தத் தொட்டித் தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது?” என்று கேட்டார்.

வாய்க்காலுக்குப் போகிறது. வாய்க்காலில் கெண்டைக் குஞ்சும் நண்டும் இருக்கின்றன. கன்றுக்குட்டி அங்கேதான் வாய் வைக்கிறது. பிறகு தண்ணீர் நெல் வயலில் பாய்கிறது. மயில்துத்தம் செம்பு உப்பு அல்லவா? செம்பு கரைந்து மறைவதில்லை. போன இடத்தில் மண்ணில் தங்கிவிடும். மீனுக்கு அது கொடிய விஷம். ஆட்டுக்கும் கன்றுக்கும் ஆகாது. நமது கம்பீரம் சற்றுக் குறைந்தது.

அம்மையார் மேலும் சொன்னார்: “எல்லோரும் பாசியைத் திட்டுகிறீர்கள். அது தானாகவா வளர்கிறது? நேற்று அந்தத் தொட்டிக்குள்ளே நின்றுகொண்டு வேலைக்காரன் சோப்புப் போட்டுக் குளித்தான். முந்தா நாள் மாட்டைக் கழுவினார்கள். துணி துவைக்கிற கல்லும் தொட்டி ஓரத்தில்தான். பாசிக்குச் சோறு போடுகிறவர் யார்? வேளாவேளைக்குச் சோறு போட்டுவிட்டு, விருந்தாளி போகமாட்டேன் என்கிறானே என்றால் அவன் என்ன செய்வான்?”

இந்தக் கேள்வி நம்மை அன்றிரவு தூங்கவிடவில்லை. ஊர் திரும்பியதும் புஸ்தகங்களைப் புரட்டினோம். சாஸ்திரிகள் பல ஆண்டுகள் உழைத்துக் கண்டதும் அந்த அம்மையார் சொன்னதும் ஒன்றாகவே இருந்தன.

பாசிக்கு வேண்டியவை மூன்று: வெளிச்சம், அசையாத வெதுவெதுப்பான நீர், உணவு. உணவென்றால் முக்கியமாக நைட்ரஜனும் பாஸ்பரஸும். வயலுக்கு நாம் இடும் உரத்தில் இருப்பவையும் இவைதான். சாணத்திலும் மூத்திரத்திலும் இவை உண்டு. சில சலவைத் தூள்களில் பாஸ்பேட் உண்டு. மழையில் வயலிலிருந்து வழியும் நீரிலும் இவை உண்டு. 1973-ஆம் வருஷம் கனடா தேசத்தில் டேவிட் ஷிண்ட்லர் என்ற சாஸ்திரி ஒரு வேடிக்கை செய்தார். ஒன்டாரியோ மாகாணத்தில் 226-ஆம் எண் கொண்ட ஏரியின் நடுவே பிளாஸ்டிக் திரை கட்டி, அதை இரண்டாகப் பிரித்தார். இரு பாதியிலும் நைட்ரஜனும் கார்பனும் இட்டார். ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார். அந்தப் பாதி பச்சையாகப் பொங்கிற்று. மறு பாதி தெளிந்தே இருந்தது. வானத்திலிருந்து எடுத்த அந்த ஏரியின் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. பாகூர்ப் பாட்டியார் திரை கட்டாமலே சொல்லிவிட்டார், அவ்வளவே வித்தியாசம்.

இதற்காகப் பாசியை ஒரேயடியாகப் பழித்துவிடவும் கூடாது. நெல் வயலில் நிற்கும் நீலப்பச்சைப் பாசி ஆகாயத்திலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கிறது என்பதை 1939-ஆம் வருஷத்தில் பி. கே. டே என்ற இந்திய சாஸ்திரி எடுத்துக் காட்டினார். பாகூர் நெல்லில் பாசியின் உழைப்பும் கலந்திருக்கிறது. பாசி சாஸ்திரத்தில் நமது நாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தவர் சென்னைச் சர்வகலாசாலையில் பணியாற்றிய எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் (1886–1963). குட்டையிலும் குளத்திலும் பிறர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிய இடங்களில், அவர் பூதக்கண்ணாடியோடு குனிந்து பார்த்தார். வயலில் தோழனாயிருப்பது தொட்டிப் படியில் சத்துருவாகிறது. இடம் மாறினால் குணம் மாறுவது மனிதருக்கு மட்டுமா உரியது?

நிற்க. நண்பரின் தொட்டி என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்பார்கள். அம்மையாருடைய யோசனையையும் புஸ்தகத்தின் யோசனையையும் சேர்த்து, பின்வருமாறு செய்தோம். வீட்டில் சிமெண்டுத் தொட்டி வைத்திருப்பவர்கள் யாரும் இப்படியே செய்யலாம்.

முதலில் தொட்டி முழுவதையும் இறைத்தோம். அடியில் படிந்திருந்த சேற்றையும் பாசியையும் அள்ளி எருக்குழியில் கொட்டினோம். அது நல்ல உரம். பிறகு ஈரம் காயுமுன் தேய்ந்த ஈர்க்குத் துடைப்பத்தாலும் தென்னை நாராலும் சுவர்களையும் படிகளையும் தேய்த்தோம். மருந்துக்கு முன்னால் தேய்ப்பதுதான் முக்கியம். சுவரின் வழுவழுப்பு வெறும் பாசி மட்டும் அல்ல. பாசியும் கிருமிகளும் சேர்ந்து கூழ் போன்ற ஒரு பசையைச் சுரந்து, அதற்குள் பத்திரமாகக் குடியிருக்கின்றன. எந்த மருந்தும் அந்தப் பசைக்குள் எளிதில் புகுவதில்லை. கையால் அதைக் கிழித்துவிட்டால்தான் மருந்து வேலை செய்யும்.

தேய்த்த தொட்டியை இரண்டு நாள் சித்திரை வெயிலில் காயவிட்டோம். இதற்குச் செலவு இல்லை. சுவரில் இருந்த வெடிப்புகளைச் சிமெண்டு கொண்டு அடைத்தோம். வெடிப்புத்தான் பாசி ஒளிந்துகொள்ளும் மடம். பின்னர் புதிதாகத் தாளித்த சுண்ணாம்பை இரண்டு பூச்சுப் பூசினோம். சுண்ணாம்பின் காரத்தில் பாசி வேர்கொள்ள நாளாகும். பூசுகிறவர் கண்ணையும் கையையும் காத்துக்கொள்ள வேண்டும். படிகளில் மட்டும் மணலைத் தூக்கலாகச் சேர்த்துச் சிமெண்டு பூசிச் சொரசொரப்பாக விட்டோம். படியருகே ஒரு பருத்த கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டோம். பாசி மீண்டும் வந்தாலும் பிள்ளைகள் பிடித்துக்கொள்ள ஒன்று இருக்க வேண்டும் அல்லவா?

கடைசியாக, சோற்றை நிறுத்தினோம். துணி துவைக்கும் கல்லைத் தொட்டியிலிருந்து நகர்த்தி, அதன் கழிவு நீர் வாழைப் பாத்திக்குப் போகும்படி செய்தோம். மாடு கழுவத் தனி இடம். சோப்புப் போடுகிறவர்கள் வெளியே நின்று, மொண்டு ஊற்றிக்கொண்டு, பிறகு தொட்டியில் இறங்க வேண்டும். பம்பு ஓடாத நாட்களில் தொட்டியின் மேல் தென்னங்கீற்று மூடி. வாரத்தில் ஒரு நாள் துடைப்பம். சட்டம் இவ்வளவே.

நண்பரின் அவசரத்துக்காக ஒரே ஒரு தடவை பிளீச்சிங் பவுடரும் உபயோகித்தோம். கணக்கை வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம். புதிய பிளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின் உண்டு. ஆயிரம் லிட்டர் நீருக்கு 30 கிராம் போட்டால், பத்து லட்சத்துக்குப் பத்துப் பங்கு என்ற பலமான அளவு கிடைக்கும். நண்பரின் தொட்டியில் சுமார் 9,000 லிட்டர் பிடிக்கும். ஆகவே 270 கிராம். அதை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு தெளிந்து அடங்கியபின் மேல் நீரை மட்டும் சாயங்காலத்தில் ஊற்றினோம். அன்றிரவும் அடுத்த இரண்டு பகலும் யாரும் இறங்கவில்லை. தண்ணீரை வாய்க்காலுக்கும் விடவில்லை. வெயிலில் குளோரின் தீர்ந்து, நெடி முற்றும் போன பின்னரே மடை திறந்தோம். செம்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுவே. குளோரின் வேலை முடிந்ததும் போய்விடுகிறது. செம்பு சம்பந்தி வீட்டில் தங்கிவிட்ட உறவினரைப்போல் போவதே இல்லை.

இதையெல்லாம் நாம் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்த செய்தி வில்லியனூர்ப் பக்கத்திலுள்ள மற்றோர் அன்பரின் காதுக்கு எட்டிற்று. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ‘சொல்தா’. ஊர்ப்புறத்தில் வீடு கட்டி, பேரப்பிள்ளைகள் பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வரும்போது குளிப்பதற்காகப் பளிங்குபோல் ஓடு பதித்த நீச்சல் குளம் ஒன்றும் அமைத்திருக்கிறார். அதை அவர் ‘பிஸின்’ என்பார். நாம் போய்ப் பார்த்தபோது அந்தப் பிஸின் முருங்கைக்கீரை மசியல் போல் இருந்தது. “தினம் நடுப்பகலில் மூட்டை மூட்டையாகக் குளோரின் கொட்டுகிறேன், ஐயா. பென்ஷன் கரைகிறதே தவிரப் பாசி கரையவில்லை” என்றார்.

அவருடைய குளத்துக்குப் பாகூர் வைத்தியம் முழுவதும் பொருந்தாது. ஐம்பதினாயிரம் லிட்டர் நீரை மாதந்தோறும் இறைத்துக் கொட்டுவது பாவம். வயலுக்கும் போகாத நீர். ஆகவே அங்கே குளோரினை முறையாக ஆளலாம். ஆனால் நடுப்பகலில் கொட்டுவது முறையல்ல. காப்பு மருந்து சேர்க்காத குளோரினில் பாதியைக் கொளுத்தும் வெயில் ஒரு மணி நேரத்துக்குள் தின்றுவிடும். அன்பர் பாசிக்குப் போட்டதாக நினைத்த மருந்தைச் சூரிய பகவான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்தபின் போட்டால் இரவு முழுவதும் அது வேலை செய்யும்.

இரண்டாவது விஷயம், நீரின் காரத்தன்மை. அதை அளக்கும் பி.எச். எண் 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் நிற்க வேண்டும். 7.5-ல் குளோரினில் பாதி சுறுசுறுப்பாயிருக்கும். 8 ஆகிவிட்டால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் வேலை செய்யும். மற்றவை சர்க்கார் கச்சேரியில் நாற்காலியை அடைத்துக்கொண்டிருக்கும் பேர்வழிகளைப்போல் சும்மா இருக்கும். பிளீச்சிங் பவுடர் போடப் போட இந்த எண் உயரும். அன்பர் அதை ஒரு நாளும் சோதித்துப் பார்த்ததில்லை. சோதனைக் காகிதம் கடையில் கிடைக்கிறது. அன்றாடம் பத்து லட்சத்துக்கு ஒன்று முதல் மூன்று பங்குவரை குளோரின் நின்றால் போதும். தண்ணீர் பச்சையாகிவிட்ட பிறகுதான் பத்துப் பங்கு என்ற பலமான சிகிச்சை. அதன் முன்னும் பின்னும் சுவரைத் தேய்க்க வேண்டும். செத்த பாசியை வடிகட்டியால் இரவும் பகலும் வடிக்க வேண்டும். வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. காரத்தைக் குறைக்கும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது; விஷவாயு கிளம்பும். குளோரின் மாத்திரையையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். எந்த மருந்தையும் தண்ணீரில்தான் போட வேண்டும்; மருந்தின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. இந்தக் காரியத்தைக் குழந்தைகளிடம் விடலாகாது.

தமது பிஸின் பச்சையானதில் சொல்தா அன்பருக்கு மிகுந்த வெட்கம். அவருக்கு நாம் ஓர் ஆறுதல் சொன்னோம். 2016-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், பிரேஸில் தேசத்தில் ரியோ நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தபோது, உலகமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கையில், குட்டிக்கரணம் போடும் குளம் ஒரே நாளில் பச்சையாகிவிட்டது. யாரோ 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்ஸைடை அதில் ஊற்றியிருந்தார்கள். அதுவும் ஒரு சுத்திகரிப்பு மருந்துதான்; ஆனால் அது குளோரினை முறித்துவிடும். இரண்டு வைத்தியர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு விழ, நோய் எழுந்து உட்கார்ந்துவிட்டது. பக்கத்துக் குளத்தில் கலாநீச்சல் போட்டி நடைபெற வேண்டியிருந்தமையால், அதிலிருந்த நீரை இறைத்து வேறு நீர் நிரப்ப நேர்ந்தது. ஒலிம்பிக்குக்கே வந்த வினை வில்லியனூருக்கு வந்தால் குறைவென்ன?

தொட்டி ஆயிற்று, பிஸின் ஆயிற்று. இரண்டுக்கும் சொந்தக்காரர் உண்டு. அவர் மனம் வைத்தால் காரியம் ஆகிவிடுகிறது. சொந்தக்காரர் இல்லாத, அல்லது ஊரார் எல்லோருமே சொந்தக்காரரான குளத்தின் கதி என்ன? நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்.

பாசியின் சுபாவத்தை இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே நமது புலவர் கண்டிருக்கிறார். குறுந்தொகையில் 399-ஆம் பாட்டில், தலைவியின் மேனியில் படரும் பசலைக்கு ஊரார் நீர் உண்ணும் துறையிலுள்ள பாசியைப் பரணர் உவமை சொல்லுகிறார். கை படுந்தோறும் விலகுகிறது. கை எடுக்குந்தோறும் மூடிக்கொள்கிறது. காதலைப் பற்றிய பாட்டுத்தான். ஆனால் குளம் பராமரிக்கும் பஞ்சாயத்தார் ஒவ்வொருவரும் அதை எழுதி மாட்டிக்கொள்ள வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை திருவிழாவுக்கு முன்னால் பாசியை வாரிக் கரையில் குவித்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். மறு மழையில் அந்தக் குவியலே குளத்துக்குள் திரும்புகிறது. சாக்கடை வாய் மட்டும் குளத்தை நோக்கித் திறந்தபடியே இருக்கிறது. ஒரு கையால் வாருகிறோம். மறு கையால் ஊட்டுகிறோம்.

பொதுக் குளத்தில் மருந்து ஊற்றி விடலாமே என்று, நாம் அன்று சொன்னதுபோல், சொல்லுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு சம்பவத்தை அறிய வேண்டும். 1979-ஆம் வருஷம் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாகாணத்தைச் சேர்ந்த பாம் தீவில், குடிநீர்த் தேக்கத்தில் நீலப்பச்சைப் பாசி பொங்கியது. அதிகாரிகள் மயில்துத்தம் போட்டார்கள். பாசி செத்தது. சாகும்போது தன் உடலுக்குள் அடக்கி வைத்திருந்த விஷத்தை ஒரேயடியாக நீரில் விட்டது. சில தினங்களில் 148 பேர், பெரும்பாலும் அத்தீவின் ஆதிக்குடிக் குழந்தைகள், ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டுச் சிகிச்சை பெற நேர்ந்தது. பாசி எல்லாம் விஷமல்ல. எது விஷம் என்பது கண்ணுக்குத் தெரிவதுமில்லை. கரையோரம் பச்சைச் சாயம் கொட்டியதுபோல் மிதக்கும் நீரில் குழந்தைகளையும் மாடுகளையும் இறங்கவிடாமலிருப்பதே விவேகம். ஏராளமான பாசி ஒரே சமயத்தில் அழுகினால் நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து, மீன்களும் வெள்ளை வயிறு காட்டி மிதக்கும்.

சோற்றை நிறுத்திப் பிழைத்த ஏரியும் உண்டு. அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்தை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் சுற்றியிருந்த ஊர்களின் சாக்கடை நீர் விழுந்து, தண்ணீர் கலங்கிப் பாசி பிடித்துக் கிடந்தது. 1963 முதல் 1968 வரையில் அந்தச் சாக்கடைகளை எல்லாம் குழாய் போட்டு வேறு வழியே திருப்பினார்கள். சில வருஷங்களில் ஏரி தெளிந்தது. அதற்காக ஜனங்கள் வரி கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நமக்கு இந்தப் புத்தி புதிது என்று எண்ண வேண்டாம். புதுவைப் பிரதேசத்தில் 84 ஏரிகள் உண்டு. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் அவற்றைக் கவனிக்க ‘சிந்திக்கா அக்ரிகோல்’ என்ற உழவர் சங்கங்கள் இருந்தன. பிற்காலத்தில் அவை நலிந்தன. ஆழ்குழாய்க் கிணறு வந்ததும் ஏரியை ஏறெடுத்துப் பார்ப்பார் குறைந்தனர். 1999-ஆம் வருஷத்திலிருந்து ஐரோப்பிய யூனியன் உதவியுடன் ஏரிகளைத் தூர்வாரிச் சீர்செய்யும் திட்டம் நடந்தது. ஊர்தோறும் ஏரிச் சங்கங்களும் அமைந்தன. வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரி 2008-ஆம் வருஷம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைக்கு அபயம் கொடுத்தது நல்ல காரியம். அந்த நீருக்கும் அபயம் வேண்டும். சுற்றிலும் எழும் வீடுகளின் கழிவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்பதே அபயம் கொடுப்பதன் ஆரம்பம்.

வில்லியனூருக்கும் புதுவைக்கும் இடையே முத்தரையர்பாளையத்தில் ஆயி குளம் இருக்கிறது. கதை யாவரும் அறிந்தது. தாசி ஆயியின் மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்டுவிட்ட அரசன், உண்மை தெரிந்ததும் வெகுண்டு அதை இடிக்கச் சொன்னான். ஆயி தன் கையாலேயே இடித்து, அந்த இடத்தில் ஜனங்களுக்குக் குளம் வெட்டினாள். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அங்கிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அவள் ஞாபகமாகவே புதுவைப் பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. அவள் வீட்டை இடித்துக் குளம் வெட்டினாள். நாம் குளத்தைத் தூர்த்து வீடு கட்டுகிறோம். தூர்க்காமல் மிச்சம் விட்ட குளத்துக்குச் சாக்கடையைக் காணிக்கையாக்குகிறோம்.

ஆடி மாதத்தில் மறுபடியும் பாகூருக்குப் போயிருந்தோம். தொட்டித் தண்ணீரில் அடிச் சுண்ணாம்பு தெரிந்தது. ஒரு மூலையில் மட்டும் மெல்லிய பச்சை தலைகாட்டியிருந்தது. பையன், தையல் போட்ட தழும்பு தலைமயிருக்குள் மறைந்துவிட, கயிற்றைப் பிடித்து இறங்கி, நமது மேல் ஒரு கை தண்ணீர் வாரி அடித்தான். பாட்டியார் கரையில் நின்று, அவனைத் தூக்கிக் காப்பாற்றிய அம்மாளிடம் துடைப்பத்தை நீட்டினார். அந்த அம்மாள் அதை வாங்கவில்லை. “ஐயாவும் குளிக்கத்தானே வந்திருக்கிறார், ஆச்சி? முதலில் அவர் தேய்க்கட்டும்” என்றாள்.

நியாயந்தான் என்று நாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினோம். கால்மணி நேரம் தேய்த்ததில் இடுப்பு வலி கண்டது. அந்த வலியோடுதான் இதை எழுதுகிறோம். வாசகர்கள் இந்த வாரமே ஒரு காரியம் செய்யலாம். தங்கள் வீட்டுத் தொட்டியின் படியை ஒரு தடவை கையால் தடவிப் பாருங்கள். பிறகு தெருவில் இறங்கி, வீட்டுக் கழிவு நீரைத் தொடர்ந்து சென்று, அது எந்தக் குளத்தில் போய் விழுகிறது என்று கண்டு வாருங்கள். அந்தக் குளத்துப் பாசிக்குச் சோறு போடுகிறவர் யார் என்பது திரும்பி வரும் வழியில் தெரிந்துவிடும்.